இயல்பூக்கம்

இயல்பூக்கம் என்பது, ஒரு பிராணி தன் ஜாதிக்குரிய ஒரு காரியத்தைப் பிறர் கற்பியாமலும், தான் முன்னர்ச் செய்து பழகாமலும், அதனால் விளையும் பயனை முன்கூட்டி அறியாமலும், அந்த ஜாதியைச் சேர்ந்த ஏனைய பிராணிகள் எவ்வாறு செய்யுமோ ஏறக்குறைய அவ்வாறே செய்து முடிக்கும்படி அதனைத் தூண்டுகின்ற பிறவித்திறன். ஆங்கிலத்தில் இதனை இன்ஸ்டிங்க்ட் என்பர்.

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் வானம்பார்த்த பூமியிலே இத்திறனுக்குச் சான்று தேட ஒருவர் நெடுந்தூரம் நடக்க வேண்டுவதில்லை. கண்மாய்க் கரையில் நிற்கும் பனையின் மட்டை நுனியிலும், நீர்மேல் சாய்ந்த கருவேலங் கிளையிலும் தூக்கணாங்குருவி கூடு முடைந்து தொங்கவிடுகிறது. அதற்கு நெசவு கற்பித்த ஆசிரியர் எவரும் இலர். கோடைக் காலத்துப் பொட்டலில் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி முட்டையிட்டுப் பொரிக்கும் குஞ்சு, ஓட்டை விட்டு வெளிப்பட்டுச் சிறிது பொழுதே ஆகியிருப்பினும், தாய் அபாயக் குரல் எழுப்பிய மாத்திரத்தில் தரையோடு தரையாகப் பதுங்கி, மண்ணாங்கட்டியினின்று பிரித்தறிய முடியாதபடி அசைவற்றுக் கிடக்கிறது. காக்கையின் கூட்டிலே பொரிந்து, காக்கை ஊட்டிய இரையால் வளர்ந்து, காக்கையின் கரைதலையே இரவும் பகலும் கேட்ட குயிற்குஞ்சு, பருவம் வந்ததும் குயிலாகவே கூவுகிறது. வடமொழிப் புலவர்கள் இப்பறவைக்குப் பரபிருதம், அதாவது அயலாரால் வளர்க்கப்பட்டது என்று பெயரிட்டதைப் பார்க்கும்போது, வளர்ப்பினால் மாற்ற முடியாத ஒன்று பிறப்பிலே இருக்கிறது என்னும் வியப்பு மிகப் பழமையானது என்பது விளங்கும்.

இன்ஸ்டிங்க்ட் என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் இன்ஸ்டிங்குவெரே என்னும் வினைக்குத் தூண்டிவிடுதல், கிளப்பிவிடுதல் என்பன பொருள். அவ்வினையின் வேரிலே கூரிய ஒன்றால் குத்துதல் என்னும் கருத்து அமைந்திருக்கிறது. இதனோடு உறவுடையதாகக் கூறப்படும் ஸ்டிமுலஸ் என்ற சொல், இன்று உளநூலில் தூண்டல் என்ற பொருளில் வழங்கினும், உரோமானியரிடையே மாட்டைக் குத்தி ஓட்டும் கோலையே குறித்தது. கரிசல் நிலத்து உழவர் தார்க்குச்சி என்றும், நூல்கள் தாற்றுக்கோல் என்றும் சொல்லும் அதே கருவிதான் அது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்த காலத்திலே இச்சொல் புறத்திலிருந்து வரும் ஏவுதலையே குறித்தது. தெய்வத்தின் ஏவல், ஆவியின் ஏவல் என்பன போன்ற இடங்களில் அது வழங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அதன் பொருள் உள்முகமாகத் திரும்பி, விலங்குகளிடம் இயல்பாக அமைந்த அறிவு என்றாயிற்று. ஷேக்ஸ்பியர் எழுதிய நான்காம் ஹென்றி நாடகத்தின் முதற்பகுதியில் பால்ஸ்டாஃப் என்னும் பாத்திரம், மெய்யான இளவரசனைச் சிங்கம் தீண்டாது, அது அதன் இயல்பூக்கம் என்று வாதிக்கும்போது இப்புதுப் பொருளே ஆளப்படுகிறது. ஆயினும் குத்துதல் என்ற பழம்பொருள் முற்றும் மறையவில்லை. மாட்டைக் குத்துவது கோல் என்றால் அக்கோலைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்ற வினா எழும் அன்றோ? இக்கருத்தின் வரலாறு முழுவதும் அந்த ஒரு வினாவுக்குக் காலந்தோறும் மக்கள் கூறிய விடைகளின் வரலாறு என்றே சொல்லலாம்.

தமிழில் இயல்பூக்கம் என்னும் சொல் உளநூல் பாடங்களின் வாயிலாக நிலைபெற்றது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்கு முதன்மையாசிரியராக இருந்த பெ. தூரன், மனம் பற்றியும் பாரம்பரியம் பற்றியும் எளிய தமிழில் தனி நூல்கள் எழுதி, இவ்வகைச் சாஸ்திரங்களைத் தமிழ் மட்டும் அறிந்தவர்களும் பயிலுமாறு செய்தவர்களுள் ஒருவர். உள்ளுணர்வு என்னும் சொல்லும் இப்பொருளில் வழங்குவதுண்டு. எனினும் ஆராய்ந்து பாராமலே ஓர் உண்மையைச் சட்டென உணரும் மனிதத் திறனையும் அச்சொல் குறிப்பதால், தேனீயின் தொழிலைப் பற்றிப் பேசுமிடத்தில் இயல்பூக்கம் என்பதே பொருத்தமுடையது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

இச்சொற்கள் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாரத தேசத்துத் தத்துவ ஞானிகள் இப்பொருளை மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கின்றனர். கௌதமரின் நியாய சூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தில் ஆன்மா நித்தியமானது என்று சாதிக்கப் புகும்போது, பிறந்த குழந்தையையே சாட்சியாக நிறுத்துகிறது. இவ்வுலகில் எதனையும் அனுபவித்திராத சிசுவுக்கு மகிழ்ச்சியும் அச்சமும் துக்கமும் எங்கிருந்து வந்தன? தாயின் ஸ்தனத்தை நாடும் வேட்கையை அதற்கு யார் கற்பித்தார்? முற்பிறவியில் உண்டு பழகிய நினைவே அதற்குக் காரணம் என்பது சித்தாந்தம். இதற்கு எதிர்வாதி கூறும் தடை கவனிக்கத்தக்கது: தாமரை காலையில் மலர்ந்து மாலையில் குவிகிறதே, அதற்கும் முற்பிறவி நினைவு உண்டோ என்றும், இரும்பு காந்தத்தை நோக்கிச் செல்வதுபோலக் குழந்தையும் பாலை நோக்கிச் செல்கிறது என்று கொண்டால் என்ன என்றும் அவன் கேட்கிறான். தாமரையின் மலர்ச்சி வெப்பம், குளிர், மழை ஆகியவற்றால் நிகழும் பூதவிகாரம் என்றும், இரும்பும் எல்லாப் பொருளையும் நாடாமல் காந்தத்தை மட்டுமே நாடுவதால் அங்கும் நியதியான காரணம் ஒன்று உண்டு என்றும், குழந்தையின் வேட்கைக்கு உரிய காரணம் உண்டு பழகிய பழக்கமே என்றும் நியாய நூலார் விடையிறுக்கின்றனர். முடிபை ஏற்போரும் மறுப்போரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கற்பியாமல் வரும் செயலுக்கு நினைவு காரணமா, வெறும் பௌதிக ஈர்ப்பு காரணமா என்று ஐரோப்பியர் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் நடத்திய பெருவிவாதத்தின் இரு கட்சிகளும் அந்தச் சில சூத்திரங்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

யோக நூல் இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. பதஞ்சலி கூறும் ஐந்து கிலேசங்களுள், அதாவது துன்பமூலங்களுள், இறுதியானது அபினிவேசம், அதாவது உயிர்மேல் கொண்ட பற்று. அது தன் சாரத்தாலேயே பெருகி ஓடுவது, கற்றறிந்தவனையும் விடாதது என்பது சூத்திரத்தின் கருத்து. அப்பொழுது பிறந்த புழுவுக்கும் மரணபயம் இருக்கிறது, காட்சியாலோ அனுமானத்தாலோ ஆகமத்தாலோ அது அதனைப் பெற்றிருக்க இயலாது என்று வியாசர் உரை விரிக்கிறது. கைவல்ய பாதத்துக்கு எழுதிய உரையில் அவரே பூனைப் பிறவியை எடுத்துக்காட்டாக்குகிறார். பூனையாகப் பிறந்த ஓர் உயிர் நூறு பிறவிகளுக்குப் பின்னரோ, பல கற்பங்களுக்குப் பின்னரோ மீண்டும் பூனையாகப் பிறக்குமாயின், இடைப்பட்ட காலமும் தேசமும் தடையாகாமல், பூனைக்குரிய வாசனைகள் உடனே வெளிப்படும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு ஜாதிக்கும் தனித்தனிச் செயல்முறை ஏன் அமைந்திருக்கிறது, பூனைக்குட்டி ஏன் ஆட்டுக்குட்டியைப்போல் நடந்துகொள்வதில்லை என்ற வினாவைத் தத்துவ நூல் ஒன்று நேர்ப்பட எதிர்கொண்டு விடை கூறிய இடம் இது. பெருங்காயம் இருந்த பாண்டத்தில் காயம் தீர்ந்த பின்னும் மணம் தங்குவதையே வாசனை என்னும் அச்சொல் குறிக்கிறது. இவற்றுக்கு மாறாக, மயிலின் வர்ணத்தையும் முள்ளின் கூர்மையையும் செய்தவர் யார், எல்லாம் சுபாவம் என்று சொன்ன சுபாவவாதிகளும் நம் நாட்டில் இருந்தனர்.

இக்கருத்துக்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் திருச்சுழியே சான்று. 1879 டிசம்பர் 30-ஆம் நாள் அவ்வூரில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மஹரிஷி, 1896-ஆம் ஆண்டு ஜூலையில் மதுரையில் தம் சிற்றப்பா வீட்டு மாடியில் நல்ல தேக ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே காரணமின்றி எழுந்த மரணபயத்தால் பீடிக்கப்பட்டார். அப்பயத்தை விட்டு ஓடாமலும் பிறர் உதவியை நாடாமலும், பிணம்போலக் கைகால்களை நீட்டிக் கிடந்து, சாவது எது என்று உள்ளே விசாரித்தார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சென்றடைந்தார். கற்றவனையும் விடாதது என்று பதஞ்சலி சொன்ன அபினிவேசத்தைப் பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் பார்த்து ஆராயும் பொருளாக ஆக்கிக்கொண்ட நிகழ்ச்சி இது. பின்னர் அவர் அருளிய நான் யார் என்னும் நூலிலும், தொன்றுதொட்டு வரும் விஷய வாசனைகளை எவ்வாறு வேரறுப்பது என்பது முக்கியமான விசாரணையாக அமைந்துள்ளது.

பழந்தமிழ் நூல்களில் இப்பொருள் வேறு வழியில் வருகிறது. தொல்காப்பிய மரபியல், உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, ஆறாவதாகிய மனத்தை மக்களுக்கு உரியதாக்குகிறது. கறையானும் எறும்பும் அங்கே கண்ணும் செவியும் இல்லாத மூவறிவு உயிர்கள். கறையானின் வேலைக்கார வகுப்புக்குக் கண்ணில்லை என்பதை இன்றைய உயிர்நூலும் சொல்கிறது. ஆள் உயரத்துக்குப் புற்றெழுப்புகிறவை அக்குருட்டு உயிர்களே. ஒளவையார் பேரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, வான்குருவியின் கூடு, வல்லரக்கு, கறையான் புற்று, தேன், சிலந்தி வலை ஆகியவற்றை அடுக்கி, இவை பிறர் எவராலும் செய்தற்கரியவை, ஆகவே யாம் வல்லேம் என்று எவரும் செருக்கற்க என்கிறது. இயல்பூக்கத்தின் தலைசிறந்த ஐந்து படைப்புக்களை இவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுத்த அந்தக் கண் ஓர் இயற்கை நூலாசிரியரின் கண் என்பதில் ஐயமில்லை.

பார்த்ததைப் பிழையாக விளக்கியதும் உண்டு. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே குளவியாக்கிவிடும் என்று வேதாந்திகள் கூறும் பிரமரகீட நியாயம், ஜீவன் சிவனையே தியானித்துச் சிவமாவதற்கு உவமையாகத் தமிழ்நாட்டில் பெருவழக்கானது. நடப்பது வேறு. குளவி புழுவைக் கொட்டி உணர்விழக்கச் செய்து, கூட்டில் அடைத்து, உடன் தன் முட்டையை இட்டு வாயிலை மண்ணால் மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக்குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து, சிறகு முளைத்து, கூட்டை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. தாய் தன் குஞ்சைப் பெரும்பாலும் காண்பதே இல்லை. அக்குஞ்சு தாயைப் பாராமலே வளர்ந்து, அதே மண்ணை அதே விதமாகக் குழைத்து, அதே விதமான கூடு கட்டுகிறது. உவமையைவிட உண்மை அதிசயமானது என்றே தோன்றுகிறது. ஸ்ரீவைஷ்ணவர்களுடைய மர்க்கட நியாயமும் மார்ச்சார நியாயமும் இக்குறை இல்லாதவை. தாயின் வயிற்றைக் குட்டிக் குரங்கு தானே பற்றிக்கொள்வதும், தாய்ப்பூனை கழுத்தைக் கவ்வியதும் பூனைக்குட்டி உடலைத் தளர்த்திக் கிடப்பதும் பிறவியிலேயே அமைந்த செயல்கள். மனிதக் குழந்தையிடமும் முன்னதன் எச்சம் உண்டு: 1891-இல் லூயி ராபின்ஸன் என்னும் ஆங்கில மருத்துவர், பிறந்து சிறிது காலமே ஆன சிசுக்கள் ஒரு கோலைப் பற்றித் தம் முழுப்பாரத்தையும் தாங்கித் தொங்குவதைச் சோதித்து வெளியிட்டார்.

மேனாட்டு வரலாற்றின் முற்பகுதியைச் சுருங்கக் கூறலாம். மல்லாத்தப்பட்ட ஆமை வலியின்றியே தன் நிலைக்குத் திரும்பத் தவிப்பதைக் காட்டி, உயிர்கள் தம்மைத்தாம் அறியும் அறிவோடு பிறக்கின்றன என்றார் உரோமானிய ஞானி செனக்கா. ஓநாயை முதன்முறை காணும் ஆடு ஏன் அஞ்சுகிறது என்று பாரசீக நாட்டு இப்னு சீனா வினவி, உருவத்துக்கு அப்பாற்பட்ட பகைமையைக் கணிக்கும் ஓர் உட்கருவியை விலங்குக்கு உரித்தாக்கினார். தாமஸ் அக்வினாஸ் அதனை ஏற்று, அம்பின் போக்கில் எய்தவனின் அறிவு விளங்குவதுபோல விலங்கின் செயலில் இறைவனின் அறிவு விளங்குகிறது என்றார். டேக்கார்ட் விலங்கை யந்திரமாக்கினார். தெய்வத்தின் கை, யந்திரத்தின் விசை என்னும் இவ்விரண்டுக்கும் இடையே கருத்துலகம் நெடுநாள் ஊசலாடியது.

1859-இல் சார்லஸ் டார்வின் தம் உயிரினத் தோற்ற நூலில் இயல்பூக்கத்துக்கு ஒரு தனி அதிகாரமே ஒதுக்கினார். மாதிரிக்கு ஒன்று சொன்னால், தேனீயின் அறுகோணக் கண்ணறைகள் தம் கொள்கைக்கே பெருந்தடை எனத் தோன்றக்கூடும் என்று தாமே முன்வைத்து, ஒழுங்கற்ற அறை கட்டும் வண்டினங்கள் முதல் செம்மையாகக் கட்டும் தேனீ வரை உள்ள படிகளை வரிசைப்படுத்தி, உடலுறுப்புக்கள் சிறு சிறு மாறுதல்களால் திரண்டு அமைந்ததைப்போலச் செயல்முறைகளும் இயற்கைத் தேர்வினால் அமைந்தன என்று நிறுவினார். வளர்ப்பு நாய்கள் அவருக்கு உற்ற துணையாயின. வேட்டைப் பொருளைக் கண்டு அசையாது நிற்கும் நாயும், மந்தையைச் சுற்றியோடும் இடைநாயும் மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் பெற்ற பழக்கங்களை இளமையிலேயே காட்டுகின்றன அல்லவா? தென்தமிழ்நாட்டார்க்கு இதனைச் சொல்ல அயல்நாட்டு நாய்கள் வேண்டியதில்லை. காவலுக்கென்றே பேணப்பட்ட இராசபாளையம் நாயையும், முயல் துரத்தவென்றே பேணப்பட்ட சிப்பிப்பாறை நாயையும் ஒரே வீட்டில் வளர்த்துப் பார்ப்பவர், அவ்விரண்டின் மனப்போக்கும் உடலமைப்பைப் போலவே வேறுபடுவதைக் காண்பர். இயல்பூக்கமும் பரம்பரைச் சொத்து என்பதற்கு இதைவிட அண்மையான நிரூபணம் இராது.

டார்வினுக்குப் பின்னரும் நியாய நூலாரின் பழைய விடை வேறு வேடத்தில் ஒருமுறை வந்து போயிற்று. 1870-இல் எவால்டு ஹெரிங் என்னும் உடலியலறிஞர், நினைவு என்பது உயிர்ப்பொருள் அனைத்துக்கும் பொதுவான குணம் என்று வியன்னாவில் உரை நிகழ்த்தினார். 1878-இல் சாமுவேல் பட்லர், இயல்பூக்கம் முன்னோரின் மறந்துபோன பழக்கமே என்று நூலெழுதினார். பிறவிதோறும் ஓர் ஆன்மா சுமந்து வரும் வாசனையை இவர்கள் தலைமுறைதோறும் உடலணுக்கள் சுமந்து வரும் வாசனையாக மாற்றினர் எனலாம். ஒரு பிராணி தன் வாழ்நாளில் ஈட்டிய பழக்கம் கருவணுக்களில் பதிவதில்லை என்று உயிர்நூலறிஞர் வைஸ்மன் 1880-களில் மறுத்தபோது அக்கொள்கை தளர்ந்தது.

முதன்முதல் சோதனையில் இறங்கியவர் டக்ளஸ் ஸ்பால்டிங். அவர் கோழிக்குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளிவரும் கணத்திலேயே கண்களை மறைத்துவிட்டுப் பிறகு திறந்து பார்த்தார்; அவை சில நிமிடங்களுக்குள்ளேயே பூச்சிகளைக் குறிவைத்துக் கொத்தின. சிறகடிக்க இடமில்லாத சிறு பெட்டிகளில் வளர்த்த தகைவிலான் குஞ்சுகளை விடுவித்தபோது அவை பறந்தே சென்றன. 1873-இல் வெளியான அவர் கட்டுரை பின்னர் மறக்கப்பட்டு, 1954-இல் உயிர்நூலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் அதனை மீண்டும் பதிப்பித்த பின்னரே அறிவுலகின் கவனத்துக்கு வந்தது.

இதற்கிடையே இச்சொல் மனித மனத்தை விளக்கப் புகுந்து அளவுக்கு மீறிப் பெருத்தது. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல், மனிதனுக்கு விலங்கினும் மிகுதியான இயல்பூக்கங்கள் உண்டு என்றார். மக்டூகல் 1908-இல் ஒவ்வோர் இயல்பூக்கத்துக்கும் ஒரு மெய்ப்பாட்டை இணைத்துச் சமுதாய உளநூலையே அதன்மேல் கட்டினார். மக்டூகலின் நூல் நம் நாட்டு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் நெடுங்காலம் பயிலப்பட்டது. ஒருவன் சண்டையிட்டால் போரூக்கம், பொருள் சேர்த்தால் ஈட்டலூக்கம், கூட்டத்தில் கலந்தால் குழுவூக்கம் என்று பெயர் வைத்துவிட்டு விளக்கம் முடிந்ததாகக் கொள்ளும் வழக்கம் இதனால் பரவிற்று. பெயரிடுதல் காரணம் கூறுதல் ஆகாது. 1919-இல் நைட் டன்லப் இயல்பூக்கம் என ஒன்று உண்டா என்றே கேட்டார். 1924-இல் லூதர் பெர்னார்டு, நூலாசிரியர்கள் கற்பித்த இயல்பூக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டதை எடுத்துக்காட்டினார். சீன நாட்டு உளநூலறிஞர் குவோ, எலிகளோடு வளர்க்கப்பட்ட பூனைக்குட்டிகள் எலியைக் கொல்வது அரிது என்றும், எலி கொல்லும் தாயோடு வளர்ந்தவை பெரும்பாலும் கொல்கின்றன என்றும் சோதனையால் காட்டி, பூனையின் பிறவிப்பகை என்று உலகம் நம்பியதையே கேள்விக்குள்ளாக்கினார். வாட்ஸன் முதலிய நடத்தைவாதிகள் இச்சொல்லை அறவே தள்ளினர்.

தள்ளப்பட்ட சொல்லை மீட்டவர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே சென்று பறவைகளோடும் மீன்களோடும் வாழ்ந்த இயற்கை நூலார். கூட்டைவிட்டு உருண்ட முட்டையைச் சாம்பல் வாத்து அலகால் உருட்டிக்கொண்டு வருகையில், பாதியிலே முட்டையை அகற்றிவிட்டாலும், தொடங்கிய அசைவை முடிவு வரை அது செய்தே தீர்கிறது என்று கோன்ராட் லோரென்ஸும் நிக்கோ டின்பெர்கனும் 1938-இல் எழுதினர். ஒரு முழுச் செயலைக் கட்டவிழ்த்துவிட முழுப்பொருள் தேவையில்லை, ஓர் அடையாளமே போதும் என்பது அவர்களுடைய மற்றொரு கண்டுபிடிப்பு. டின்பெர்கன், அடிப்புறம் செந்நிறம் பூசிய உருவமற்ற கட்டையைக் காட்டியே ஆண் முள்முதுகு மீனைப் போருக்கு எழுப்பினார். கன்று இறந்த பசுவின்முன் அக்கன்றின் தோலில் வைக்கோல் திணித்து நிறுத்தி, அதனை நக்கவிட்டுப் பால் கறக்கும் தோற்கன்று வழக்கத்தை அறிந்த தமிழ்நாட்டுக் குடியானவர்க்கு இவ்வுண்மை கைவழியாகத் தெரிந்ததே. அடையாளம் எந்தப் புலனைச் சார்ந்தது என்பது பிராணிக்குப் பிராணி வேறுபடும். மீனுக்கு நிறம், பசுவுக்கு முதன்மையாக மணம். கரிசல் காட்டில் கீழக்கரிசல், வெம்பூர் இனத்துச் செம்மறிகளைக் கிடைபோட்டு மேய்க்கும் கீதாரிகள், ஈன்ற ஆடு தன் குட்டியை நக்கி மோப்பம் பிடிக்குமுன் இரண்டையும் பிரித்துவைத்தால் ஆடு குட்டியை ஏற்காமல் முட்டித் தள்ளிவிடும் என்பதை அறிந்தே ஈற்றுக் காலத்தில் விழிப்போடிருக்கின்றனர். ஈன்ற சில மணி நேரத்துக்குள் மணத்தால் ஏற்படும் இப்பிணைப்பைப் பிற்கால உடலியலறிஞர்களும் உறுதிப்படுத்தியுள்ளனர். அன்பு செலுத்த வேண்டும் என்ற தூண்டுதல் பிறவியில் வருகிறது. எந்தக் குட்டிக்கு என்பது அச்சிறு வேளையில் கற்கப்படுகிறது.

பிறவியும் கல்வியும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை லோரென்ஸ் போதிய அளவு மதிக்கவில்லை என்று டேனியல் லேர்மன் 1953-இல் கண்டித்தார். பிறவிச்செயல் என்று முத்திரையிட்டவுடன், முட்டைக்குள்ளும் கருவுக்குள்ளும் அது எவ்வாறு வளர்ந்து உருப்பெறுகிறது என்ற ஆராய்ச்சி நின்றுவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அது நியாயமானதே. லோரென்ஸ், டின்பெர்கன், தேனீயின் நடன மொழியைக் கண்ட கார்ல் வான் ஃபிரிஷ் ஆகிய மூவரும் 1973-இல் நோபெல் பரிசு பெற்ற காலத்துக்குள் இரு கட்சியினரும் பெரிதும் நெருங்கி வந்துவிட்டனர்.

இந்நெருக்கத்தைத் தூக்கணாங்குருவியின் வரலாறு நன்கு விளக்குகிறது. 1930-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பம்பாய்க்குத் தெற்கே கொலாபா ஜில்லாவின் கிகிம் கிராமத்தில் தங்கியிருந்த சாலிம் அலி, வீட்டருகே குடியேறிய கூட்டமொன்றை நாடோறும் பொறுமையாகக் கவனித்து, 1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் சஞ்சிகையில் எழுதினார். கூடு கட்டுவது பெரும்பாலும் ஆணே. தலைக்கவசம்போல் பாதிக் கூடு ஆனதும் பெட்டைகள் வந்து பரிசோதிக்கின்றன. ஒன்று அதனை ஏற்றால் ஆண் மீதியை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பெட்டைக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. எதுவும் ஏற்காத கூடு பாதியிலே கைவிடப்படுகிறது. ஆண்டுதோறும் வேனிலுக்குப் பின் கண்மாய்க் கரைப் பனையில் தொங்கும் பாதிக் கூடுகளைப் பார்த்து, காற்றில் அறுந்தவை என்று கருதியோர்க்கு இது புதுச்செய்தி. கூட்டினுள் ஒட்டியிருக்கும் மண் கட்டி மின்மினியை விளக்காகப் பதிக்க வைத்தது என்ற நம்பிக்கை நாடெங்கும் இருந்தாலும், மண் அங்கே ஒட்டப்படுவது மட்டுமே உண்மை.

பாதிக்கூடு கட்டி முடிய ஏறக்குறைய எட்டு நாளும், முழுமைபெறப் பதினெட்டு நாளும் ஆகின்றன. ஓலையையும் நெற்றாளையும் நீண்ட கீற்றுக்களாகக் கிழித்துக் கொணர ஆண் குருவி ஐந்நூறு முறை வரை பறந்து செல்வதுண்டு. இத்தொழில் முற்றும் பிறவியில் வந்ததா? ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவி இனமொன்றை அமெரிக்காவில் வளர்த்து ஆராய்ந்த கொலியாஸ் தம்பதியர் 1964-இல் இதற்கு விடையளித்தனர். இளமையில் நார் கிடைக்காமல் வளர்ந்த ஆண்குருவிகள், பின்னர் நார் கிடைத்தபோது அதனைக் கிழிக்கவும் முடையவும் முயன்றன, ஆனால் பழகிய குருவிகளைப்போல் முடைய அவற்றால் இயலவில்லை. முடைய வேண்டும் என்ற ஊக்கம் பிறவிச்சொத்து; கைத்திறன் பழகிப் பழகி வருவது. இயற்கையாய் வளரும் இளங்குருவி பெரியவற்றின் அருகே உதவாத கூடுகள் சிலவற்றைக் கட்டிக் குலைப்பதன் பொருள் இதுவே.

1957-இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்த ஹால்டேன், விலை மிகுந்த கருவிகள் இல்லாமலே பொறுமையும் கூர்ந்த நோக்கும் கொண்டு பாரத நாட்டு இளைஞர்கள் செய்யக்கூடிய உயிர்நூல் ஆராய்ச்சி இவ்வாறு பிராணிகளின் நடத்தையைக் கவனிப்பதே என்று வற்புறுத்தினார். அவர் துணைவியார் ஹெலன் ஸ்பர்வேயும், துரோணம்ராஜு, ஜயகர் ஆகிய மாணாக்கரும் 1964-இல் வெளியிட்ட கட்டுரையொன்று ஒரே ஒரு குளவிக்கூட்டைப் பற்றியது. மதராஸ்பட்டணத்தின் பேரால் 1781-இல் பூச்சிநூலறிஞர் ஃபபிரிஷியஸ் பெயரிட்ட இக்குளவி புழுவை விடுத்துச் சிலந்திகளைக் கொண்டு கூட்டை நிரப்புவது; வீட்டுச் சுவர்களில் மண்கூடு கட்டுவதால் நம் நாட்டில் அதனைக் காணாதவர் இலர். ஜயகரும் ஸ்பர்வேயும் மஞ்சள் மூக்கு ஆட்காட்டியையும் ஆராய்ந்து, கடுங்கோடையில் அது தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு வந்து அமர்வதைப் பதிவு செய்தனர். வீரசோழன் பக்கத்துப் பொட்டல்களில் சித்திரை வெயிலில் முட்டையிடும் ஒரு பறவைக்கு, அடைகாத்தல் என்பது சூடேற்றுவதோடு முட்டை வெந்து போகாமல் காப்பதும் ஆகும்.

தென்னாட்டில் இத்துறைக்கு நிலையான வீடு அமைந்தது மதுரையில். மதுரைப் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் விலங்கு நடத்தைத் துறையை வளர்த்த எம். கே. சந்திரசேகரன், மாரிமுத்து, ராஜன் ஆகியோர் இருண்ட குகையில் வாழும் இலைமூக்கு வௌவால்களின் உள்நாழிகையை ஆராய்ந்து 1981-இல் முடிவுகளை வெளியிட்டனர். சூரிய ஒளியோ காலத்தைக் காட்டும் வேறு குறியோ எட்டாத ஆழத்தில் தனித்து அடைக்கப்பட்ட வௌவாலும் நாள்தோறும் ஏறக்குறைய உரிய வேளையில் விழித்தெழுகிறது, அக்காலவுணர்வு பிறவியிலேயே அமைந்தது; எனினும் தனிமையில் அது மெல்ல மெல்ல வெளியுலகப் பொழுதினின்று விலகிச் செல்கிறது. குகையில் சுதந்திரமாக வாழும் தன் இனத்தாரின் நடுவே வைக்கப்பட்ட வௌவாலோ, அவை மாலையில் புறப்படுவதையும் விடியுமுன் திரும்புவதையும் உணர்ந்து, ஒளியைக் காணாமலே தன் நாழிகையை இருபத்துநான்கு மணி நேரத்தோடு பொருத்திக்கொள்கிறது.